தற்சுட்டு ஏவல் வினைகளுக்கு லெ கோன்ஜுகேர்: ஒரு மதிப்புரை

பிரெஞ்சு வினைகளின் திரிபைத் தேடிப் பார்ப்பதற்குப் பிரான்சில் பரவலாகப் பயன்படுத்தப்படும் இணையதளங்களுள் லெ கோன்ஜுகேர் ஒன்று. 1826-இல் தொடங்கி இன்றும் வெளிவரும் லெ ஃபிகாரோ நாளிதழின் இணையதளத்தோடு சேர்ந்து அது இயங்குகிறது. கட்டணம் கிடையாது, அதற்கு ஈடாக விளம்பரங்கள் உண்டு. ஒரு வினையைத் தட்டினால் அதன் எல்லாக் காலங்களும் தன்மை, முன்னிலை, படர்க்கை என எல்லா இடங்களும் ஒரே பக்கத்தில் அட்டவணையாக வந்துவிடும். இந்த அளவுக்குச் செய்யும் தளங்கள் வேறு பலவும் இருப்பதால், பொதுவாக இது நல்ல தளம் என்று சொல்லி முடிப்பதில் பயனில்லை. பிரெஞ்சு கற்கும் தமிழர்கள் தொடர்ந்து தடுமாறும் ஓரிடத்தை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் இந்தத் தளம் எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன். தற்சுட்டு வினைகளை, அதாவது செய்பவரையே சுட்டும் ஒரு சிறு பிரதிப்பெயரோடு வரும் வினைகளை, ஏவலில் பயன்படுத்துவதுதான் அந்த இடம். பிரெஞ்சு வடிவங்களை ஒலிப்பை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டலைத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இது பாடப்புத்தகத்தின் ஓரத்தில் கிடக்கும் நுணுக்கம் அல்ல. பிரான்சில் ஒருவர் மருத்துவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நுழைந்ததும் 'அஸேயே-வூ', உட்காருங்கள். பரிசோதனைக்கு முன் 'தெஸாபியே-வூ', உடையைக் களையுங்கள். பிறகு 'அலோன்ஜே-வூ', படுத்துக்கொள்ளுங்கள். வயிற்றை அழுத்திப் பார்க்கும்போது 'தெதான்தே-வூ', தளர்வாக இருங்கள். முடிந்ததும் 'ராபியே-வூ', உடுத்திக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்துக்குள் ஐந்து ஏவல்கள். ஐந்துமே தற்சுட்டு வினைகள். பிரெஞ்சு இணையப் பக்கங்களிலும் இதே கதைதான். உள்நுழையச் சொல்லும் பொத்தானில் 'கொனெக்தே-வூ', பதிவு செய்யச் சொல்லும் இடத்தில் 'ஏன்ஸ்க்ரிவே-வூ', சந்தா கேட்கும் இடத்தில் 'அபொனே-வூ'. செய்தி வாசிப்பைக் கேட்டுப் பிரெஞ்சு பழகுகிறவர்களுக்கு இந்த வடிவங்கள் அதிகம் பழக்கமாவதில்லை, ஏனென்றால் செய்தியில் யாரும் யாரையும் ஏவுவதில்லை. பள்ளிக்கூடத்தில், அடுக்களையில், மருத்துவமனையில், அலுவலகச் சாளரத்தில்தான் இவை புழங்குகின்றன. 2026 ஜனவரி முதல் பிரான்சில் பல ஆண்டு வதிவிட அட்டைக்கு ஏ-2, பத்தாண்டு அட்டைக்கு பி-1, குடியுரிமைக்கு பி-2 என (ஏ-1 முதல் மேலேறும் ஐரோப்பிய மொழித்திறன் நிலைகள் இவை) மொழித் தகுதி உயர்த்தப்பட்டுவிட்ட நிலையில், அங்கே வாழும் தமிழர்களுள் நடுவயதில் முறையாகப் பிரெஞ்சு படிக்க உட்கார்ந்தவர்கள் பலர். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தளம் என்ன தருகிறது என்று பார்ப்போம். 'லாவே' என்று தட்டினால் கழுவுதல் என்ற வினையின் அட்டவணை வரும். அந்தப் பக்கத்திலிருந்தே அதன் தற்சுட்டு வடிவமான 'ஸெ லாவே'க்குப் போகலாம். அது தனி அட்டவணை. எல்லாக் காலங்களிலும் தற்சுட்டுப் பிரதிப்பெயரோடு சேர்த்தே முழுமையாக எழுதப்பட்ட அட்டவணை. அதில் ஏவல் பகுதிக்கு இறங்கினால் நீ, நாம், நீங்கள் என்ற இடங்களுக்கு மூன்று வரிகள் இருக்கும்: 'லாவ்-துவா', 'லாவோன்-நூ', 'லாவே-வூ'. ஏவலில் எழுவாய் இல்லை. தற்சுட்டுப் பிரதிப்பெயர் வினைக்குப் பின்னால் போய் இணைப்புக்கோட்டால் ஒட்டிக்கொள்கிறது. மற்ற இடங்களில் 'உன்னை' என்ற பொருளில் 'தெ' என்று இருந்தது இங்கே 'துவா' ஆகிறது. விதி இவ்வளவுதான். ஆனால் இந்த விதியை வாசித்துப் புரிந்துகொண்டவர்களும் வாய் திறக்கும்போது 'லாவ்-தெ' என்றோ 'தெ லாவ்' என்றோ சொல்லிவிடுகிறார்கள். மூன்று வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கண்ணால் கண்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகும்போதுதான் அது நாக்கில் படிகிறது. அச்சில் வரும் வினைத்திரிபுக் கையேடுகள் பெரும்பாலும் தற்சுட்டு வினைக்கென்று ஒரேயொரு மாதிரி அட்டவணையைக் கொடுத்துவிட்டு, மற்ற வினைகளை அதைப் போலவே அமைத்துக்கொள்ளும்படி விட்டுவிடும். இத்தளம் ஒவ்வொரு வினைக்கும் அமைத்தே கொடுத்துவிடுகிறது. தொடக்கநிலை மாணவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

'லாவே'யும் 'ஸெ லாவே'யும் தனித்தனி அட்டவணைகளாக, ஒரு சொடுக்குத் தொலைவில் இருப்பதைத்தான் இத்தளத்தின் முதன்மையான சிறப்பாக நான் கருதுகிறேன். தமிழ் அறிந்தவருக்கு இதில் கூடுதல் பயன் உண்டு. தமிழில் தன்வினை, பிறவினை என்ற பாகுபாடு வினையின் வடிவத்திலேயே இருக்கிறது. குளி, குளிப்பாட்டு, எழு, எழுப்பு, நில், நிறுத்து, படு, படுக்க வை. பிரெஞ்சில் இந்த வேலையின் பெரும்பகுதியை அந்தச் சிறிய பிரதிப்பெயர் செய்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டச் சொன்னால் 'லாவ்' என்பதோடு குழந்தையைக் குறிக்கும் சொல் வரும். நீ குளி என்றால் 'லாவ்-துவா'. வண்டியை நிறுத்தச் சொன்னால் 'அரெத்' என்று தொடங்கலாம். நீ நில் என்றால் 'அரெத்-துவா'. வகுப்பில் ஆசிரியர் 'லெவே லா மேன்' என்றால் கையை உயர்த்த வேண்டும். 'லெவே-வூ' என்றால் எழுந்து நிற்க வேண்டும்.

தமிழில் 'எழு' என்பது தானாகவே முழுமையான சொல். அதற்குள் 'உன்னை' என்பதற்கு இடமே இல்லை. அதனால்தான் தமிழர்கள் பிரெஞ்சில் ஏவும்போது பிரதிப்பெயரை விட்டுவிடுகிறார்கள். 'லெவ்!' என்று மட்டும் சொன்னால் கேட்பவர், எதை உயர்த்த வேண்டும் என்று காத்திருப்பார். 'உன்னையே நீ எழுப்பு' என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துப் பார்க்கும்படி சில இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது வேண்டாத சுற்றுவழி. ஒரு அட்டவணை பிறவினைக்கு, மற்றொன்று தன்வினைக்கு என்று எடுத்துக்கொண்டு இத்தளத்தின் இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்துப் பார்த்தால், நமக்கு ஏற்கெனவே தெரிந்த இலக்கணப் பாகுபாடு ஒன்று பிரெஞ்சு உடையில் வருவது விளங்கும். எல்லாத் தற்சுட்டு வினைகளுக்கும் இது பொருந்தாது. ஆனால் அன்றாட ஏவல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

அடுத்த சிறப்பு எதிர்மறை. தற்சுட்டு அட்டவணையை எதிர்மறை வடிவிலும் திறந்து பார்க்க இத்தளத்தில் வழி இருக்கிறது. அங்கே ஏவல் மூன்று வரிகளும் உருமாறி நிற்கும்: 'நெ தெ லாவ் பா', 'நெ நூ லாவோன் பா', 'நெ வூ லாவே பா'. பிரதிப்பெயர் வினைக்கு முன்னால் திரும்பி வந்துவிடுகிறது, 'துவா' மறுபடி 'தெ' ஆகிவிடுகிறது, இணைப்புக்கோடு மறைகிறது. ஆகவே, ஒன்றைச் செய் என்பதற்கும் செய்யாதே என்பதற்கும் இடையில் மூன்று மாற்றங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. தமிழில் எடுத்துக்கொள், எடுத்துக்கொள்ளாதே என்று விகுதியை மட்டும் மாற்றிப் பழகிய நமக்கு, சொல்லின் இடமே மாறுவது எளிதில் பிடிபடுவதில்லை. உடன்பாட்டையும் எதிர்மறையையும் வெவ்வேறு பாடங்களில், வெவ்வேறு வாரங்களில் கற்பிக்கும் வழக்கம் இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. இரண்டையும் சோடியாகவே பழக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'லெவ்-துவா' என்று சொன்ன மூச்சிலேயே 'நெ தெ லெவ் பா' என்றும் சொல்லிப் பார்க்க வேண்டும். இத்தளத்தில் உடன்பாட்டு அட்டவணையை ஒரு தாவலிலும் எதிர்மறை அட்டவணையை மறு தாவலிலும் வைத்துக்கொண்டால் அந்தச் சோடிப் பயிற்சிக்கு வேறு கருவியே தேவையில்லை. வினை உயிரெழுத்தில் தொடங்கும்போது 'தெ' சுருங்கி ஒட்டிக்கொள்வதையும் அங்கே பார்க்கலாம். கவலைப்படாதே என்பது 'நெ தேன்கியெத் பா' என்று வருவது அப்படித்தான். கவலைப்படாதீர்கள் என்னும்போது 'வூ' என்பதன் கடைசியில் ஒலிக்காமல் கிடந்த எழுத்து உயிர்பெற்று 'நெ வூஸேன்கியெதே பா' என்று ஒலிக்கிறது. அதை அட்டவணை காட்டாது, காதுதான் பிடிக்க வேண்டும்.

எழுத்துக்கூட்டலில் தளம் மிக நம்பகமாக உதவுகிறது. 'லாவே' போன்று முதல் வகையில் அடங்கும் வினைகள், 'நீ' என்ற இடத்துக்கான ஏவலில் கடைசி எஸ் எழுத்தை இழந்துவிடும். நிகழ்காலத்தில் எஸ் உண்டு, ஏவலில் இல்லை. ஒலியில் இரண்டும் ஒன்றே என்பதால் காதால் கேட்டுக் கற்றவர்கள் எழுதும்போது தவறுகிறார்கள். ஆனால் 'ஸெ தேர்' என்ற வினையில், பேசாமலிரு எனப் பொருள்படும் 'தே-துவா'வில், அந்த எஸ் போகாது, அது வேறு வகையைச் சேர்ந்த வினை. இத்தகைய இடங்களில் விதியை நினைவிலிருந்து தோண்டிக்கொண்டிருப்பதைவிட அட்டவணையை ஒருமுறை பார்ப்பது மேல். 'லெவே' என்பதன் முதல் உயிர் 'லெவ்-துவா'வில் அழுத்தக் குறி ஏற்று ஒலி மாறுவதும், 'லெவோன்-நூ', 'லெவே-வூ' இரண்டிலும் அந்தக் குறி இல்லாமல் இருப்பதும் அதே அட்டவணையில் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

உட்காருதலைக் குறிக்கும் 'ஸஸ்வார்' என்ற வினை ஒன்றுக்காகவே இத்தளத்தைப் புத்தகக்குறியில் வைத்துக்கொள்ளலாம். அந்த வினைக்கு இரண்டு திரிபுகள் உண்டு, இரண்டும் சரியே. 'அஸியே-துவா', 'அஸேயே-வூ' என்பது ஒன்று. 'அஸ்வா-துவா', 'அஸ்வாயே-வூ' என்பது மற்றொன்று. பிரான்சில் ஏவலில் முதல் வடிவமே அதிகம் கேட்கும். கியூபெக்கில் இரண்டாவது மிக இயல்பானது. ஒரு பாடநூல் ஒன்றை மட்டும் சொல்லி, ஓர் ஆசிரியர் மற்றொன்றைச் சொல்லும்போது மாணவர் எது பிழை என்று குழம்புவார். இரண்டையும் அருகருகே தருவதன் மூலம் தளம் அந்தக் குழப்பத்தை முளையிலேயே கிள்ளிவிடுகிறது. எதை எங்கே பேசுகிறார்கள் என்ற குறிப்பும் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். அட்டவணையில் அதற்கு இடமில்லை.

கிளம்பிப் போதல் என்னும் பொருளுடைய 'ஸான் அலே' என்ற வினைக்கும் தனிப் பக்கம் உண்டு. இதில் தற்சுட்டுப் பிரதிப்பெயரோடு 'ஆன்' என்ற இன்னொரு சிறு சொல்லும் சேர்ந்திருக்கிறது. ஏவலில் 'வா-தான்', 'அலோன்-நூஸ்-ஆன்', 'அலே-வூஸ்-ஆன்' என்று வரும். இங்கே முதல் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். 'துவா' என்பது 'ஆன்' என்ற சொல்லுக்கு முன்னால் நிற்க முடியாமல் வெறும் 'த்' ஆகச் சுருங்கிவிடுகிறது. சுருங்கிய இடத்தில் வர வேண்டியது மேற்குறி (அபாஸ்ட்ரபி), இணைப்புக்கோடு அல்ல. 'அவன் போகிறானா' என்று கேட்கும் 'வா-தில்' என்பதில் நடுவே வரும் 'த்' ஒலி வெறும் உடம்படுமெய் போன்றது. ஆகவே அதன் இருபுறமும் இணைப்புக்கோடு. 'வா-தான்' என்பதில் இருக்கும் 'த்' ஒரு முழுப் பிரதிப்பெயரின் எச்சம். பிரெஞ்சுக்காரர்களே எழுதும்போது இந்த இரண்டையும் கலந்துவிடுவது உண்டு. தளத்தின் அட்டவணை சரியான வடிவத்தைக் கொடுத்துவிடுகிறது. காரணத்தை ஆசிரியரிடமோ இலக்கண நூலிலோதான் கேட்டறிய வேண்டும். நினைவில் வைத்துக்கொள் என்பதற்கான 'ஸூவியன்-துவா', அதை நினைவில் வைத்துக்கொள் என்னும்போது 'ஸூவியன்-தான்' ஆவதும் இதே வழியில்தான். ஆனால் இந்த இரண்டாவது வடிவம் அட்டவணையில் வராது.

அங்கேதான் இந்தத் தளத்தின் எல்லை தொடங்குகிறது. வினையும் அதன் தற்சுட்டுப் பிரதிப்பெயரும் சேர்ந்த அளவோடு அது நின்றுவிடுகிறது. வாக்கியத்தில் செயப்படுபொருள் வந்து சேரும்போது என்ன ஆகும் என்பதை அது சொல்வதில்லை. 2020-இல் கொரோனா பரவத் தொடங்கியபோது பிரெஞ்சு அரசு எங்கும் ஒட்டிய சுவரொட்டியின் முதல் அறிவுரை, கைகளை அடிக்கடி கழுவுங்கள் என்பது. அது 'லாவே-வூ' என்று தொடங்கி 'லே மேன்' என்று முடிந்தது. 'உங்கள் கைகள்' என்று அதில் இல்லை. வெறும் 'கைகள்' என்பதற்கான சுட்டிடைச்சொல்தான். யாருடைய கை என்பதை 'வூ' ஏற்கெனவே சொல்லிவிட்டது. தமிழிலும் நாம் 'கையைக் கழுவுங்கள்' என்றுதான் சொல்கிறோம், உங்கள் கையை என்பதில்லை. ஆகவே நமக்கு இது இயல்பாக வர வேண்டிய ஒன்று. ஆங்கிலத்தின் வழியாகப் பிரெஞ்சு கற்பவர்களுக்குத்தான் அந்த 'உங்கள்' வந்து ஒட்டிக்கொள்கிறது. நம் பள்ளிகளில் பிரெஞ்சை ஆங்கிலம் வழியாகவே கற்பிப்பதால் தமிழ் மாணவரும் தமக்குச் சொந்தமில்லாத இந்தப் பிழையைச் செய்கிறார். பல் துலக்கு, தலை வாரு, காலணியைப் போட்டுக்கொள் என உடம்போடு தொடர்புடைய ஏவல்கள் எல்லாம் இந்த அமைப்பில் வருவதால், அட்டவணையைப் பார்த்த கையோடு முழு வாக்கியம் ஒன்றையும் எழுதிப் பழகுவது அவசியம்.

செயப்படுபொருளையும் பிரதிப்பெயராக்கிவிட்டால் இன்னும் ஒரு படி ஏற வேண்டும். 'அவற்றைக் கழுவிக்கொள்' என்றால் 'லாவ்-லே-துவா'. பொருளைக் குறிக்கும் பிரதிப்பெயர் முன்னால், ஆளைக் குறிப்பது பின்னால். எதிர்மறையில் இந்த வரிசையும் தலைகீழாகி 'நெ தெ லே லாவ் பா' ஆகும். விதி இப்படி இருந்தாலும், 'இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், இன்னொரு முறை சொல்லமாட்டேன்' என்ற தொனியில் வரும் 'தனே-வூ-லெ பூர் தி' என்னும் நிலைத்த தொடரில் ஆள் முன்னாலும் பொருள் பின்னாலும் நிற்கின்றன. பேச்சு வழக்கில் மற்ற வினைகளிலும் அந்த வரிசையைக் கேட்கலாம். பி-1 நிலைக்கு மேல் போகிறவருக்கு இவையெல்லாம் தேவைப்படும். அட்டவணைகளை நம்பி மட்டும் அங்கே போக முடியாது. பழைய பிரெஞ்சு உரைநடையை வாசிக்கிறவர்கள் இன்னொன்றையும் சந்திப்பார்கள்: பதினேழாம் நூற்றாண்டில் இரண்டு ஏவல்களை 'உம்' என்று இணைக்கும்போது இரண்டாவது வினையின் பிரதிப்பெயர் உடன்பாட்டிலேயே முன்னால் வந்து நிற்பதுண்டு. இன்று அந்த வழக்கு இல்லை.

'வூ' என்ற சொல்லில் ஒரு மயக்கம் இருக்கிறது. 'லாவே-வூ லே மேன்' என்றால் கைகளைக் கழுவுங்கள். 'லாவே-வூ லேஸாஸியெத்?' என்றால் தட்டுகளைக் கழுவுகிறீர்களா என்ற கேள்வி. இரண்டிலும் தொடக்கம் எழுத்துக்கு எழுத்து ஒன்றே, இணைப்புக்கோடு உட்பட. முதலாவதில் 'வூ' தற்சுட்டு. இரண்டாவதில் அது வினைக்குப் பின்னால் போன எழுவாய். கேள்விக்குறியும் குரலின் ஏற்றமும்தான் பிரித்துக் காட்டும். 'நீ' என்ற இடத்தில் இந்தத் தொல்லை இல்லை, ஏனெனில் கேள்வியில் 'லாவ்-த்யூ', ஏவலில் 'லாவ்-துவா'. தற்சுட்டு வினையையே கேள்வியாக்கினால் 'வூ லாவே-வூ?' என்று இரண்டு 'வூ' வரும். வினா வடிவத்தையும் தளம் அட்டவணையாகக் காட்டுவதால், ஏவலையும் வினாவையும் ஒப்பிட்டு இந்த மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். யாரும் சொல்லித் தராவிட்டால் மாணவர் அப்படி ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றாது என்பதால் இதை இங்கே எழுதுகிறேன்.

இன்னொரு பொதுவான குழப்பத்துக்கும் அட்டவணையில் விடை இல்லை. 'கூஷ்-துவா' என்றால் படுத்துக்கொள். 'போய்ப் படு' என்றால் 'வா தெ கூஷே'. இங்கே ஏவலாக நிற்பது போ என்ற வினை மட்டுமே. படுத்தல் அதன் பின்னால் மூல வடிவத்தில் வருகிறது. பிரதிப்பெயர் படுத்தலுக்கு உரியது, ஆகவே அதற்கு முன்னால் 'தெ' என்று சாதாரணமாக நிற்கிறது. இணைப்புக்கோடும் இல்லை, 'துவா'வும் இல்லை. உடன்பாட்டு ஏவலில் பிரதிப்பெயர் பின்னால் போகும் என்று ஊன்றிக் கற்ற மாணவர்தான் இதில் 'வா-துவா கூஷே' என்று எழுதுகிறார். பிரெஞ்சு வீடுகளில் பிள்ளைகளை விரட்டும் ஏவல்களில் பாதி இந்த அமைப்பில்தான் இருக்கும்: போய்க் கை கழுவு, போய் உடை மாற்று, போய்ப் படு.

பேச்சு மொழியிலும் பொது அறிவிப்புகளிலும் நடப்பது வேறு. பேச்சில் எதிர்மறையின் 'நெ' பெரும்பாலும் விழுந்துவிடும்; கவலைப்படாதே என்பதில் 'பா'வும் சேர்ந்து விழுந்து, 'தேன்கியெத்!' என்ற ஒற்றைச் சொல் மட்டும் மிஞ்சும். வடிவத்தைப் பார்த்தால் உடன்பாடு போலத் தோன்றும், பொருளோ எதிர்மறை. பிரதிப்பெயர் முன்னால் நிற்பதைக் கொண்டுதான் அது எதிர்மறையின் எச்சம் என்று அடையாளம் காண முடியும். அட்டவணையை நன்றாகப் பழகியவருக்கு இது உடனே விளங்கும் என்பது அட்டவணைக்குச் சாதகமான செய்தி. அறிவிப்புப் பலகைகளோ ஏவலையே தவிர்த்து வினையின் மூல வடிவத்தை வைக்கும். வெளியே எட்டிப் பார்க்காதீர் என்று பழைய ரயில் பெட்டிகளின் சன்னலில் இருந்த எச்சரிக்கையில் 'ஸெ' அப்படியே இருக்கும், 'வூ' ஆகாது. யாரையும் நேரில் பார்த்துச் சொல்லாத கட்டளை என்பதால் அங்கே இடம் மாறுவதில்லை.

பொருள் வேறுபாடுகளுக்கு இத்தளத்தை நம்பக் கூடாது. அதற்கு அகராதி வேண்டும். 'லெவ்-துவா'வில் ஒருவர் தம்மையே செய்துகொள்கிறார். ஒருவரையொருவர் தழுவிக்கொள்ளுங்கள் என்பதில் செயல் பரிமாற்றம். 'தெபெஷ்-துவா', அதாவது சீக்கிரம் ஆகட்டும் என்பதில் இரண்டும் இல்லை, அது வழக்காக நிலைத்த வடிவம். மூன்றுக்கும் அட்டவணை ஒன்றே. 'ஸெர்வே-வூ' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள், பரிமாறிக்கொள்ளுங்கள் என்று நாம் 'கொள்' சேர்த்துச் சொல்வதைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். தமிழின் 'கொள்' பல இடங்களில் நல்ல வழிகாட்டி. ஆனால் எல்லா இடங்களிலும் கைகொடுக்காது. பேசாமலிரு, சீக்கிரம் ஆகட்டும் என்பவற்றில் 'கொள்'ளுக்கு வேலையே இல்லை. இறந்தகால ஏவல் என்ற பகுதி பிரெஞ்சில் சாதாரண வினைகளுக்கு உண்டு. தற்சுட்டு வினைகளுக்கு அது வழக்கில் இல்லை, ஆகவே அங்கே எதையும் தேட வேண்டாம்.

தளத்தின் முதன்மை மொழி பிரெஞ்சு. அந்தப் பக்கங்களில் காலங்களின் பெயர்கள், பொத்தான்கள், விதிகளின் விளக்கம் எல்லாம் பிரெஞ்சில் இருக்கும். ஏ-1 நிலையில் இது சற்று மிரட்டும், ஆனால் அட்டவணையின் அமைப்பு மாறாததால் நாலைந்து வினைகளைப் பார்த்ததும் ஏவல் எங்கே இருக்கிறது என்று கண் தானாகப் போய்விடும். விதிகளுக்கும் பயிற்சிகளுக்கும் தனிப் பகுதிகள் இருக்கின்றன. பயிற்சிகளைவிட அட்டவணைகளே இத்தளத்தின் உயிர் என்று நினைக்கிறேன். சிறு திரையில் விளம்பரங்கள் இடையே வந்து வரிகளைக் கீழே தள்ளுவது இலவசத் தளங்களுக்கெல்லாம் பொதுவான இடைஞ்சல். கணினித் திரையில் பார்ப்பது வசதி.

எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டால், மருத்துவரின் அறையில் வரும் அந்த ஐந்து வினைகளோடு எழுந்திருத்தல், பேசாமலிருத்தல், சீக்கிரம் செய்தல், கிளம்பிப் போதல், கவலைப்படுதல் ஆகிய ஐந்தையும் சேர்த்துக்கொண்டு தொடங்கலாம். ஒவ்வொரு வினைக்கும் தற்சுட்டு அட்டவணையில் ஏவல் மூன்று வரிகளையும் எதிர்மறையில் மூன்று வரிகளையும் கையால் எழுதி, வாய்விட்டு வாசித்து, பிறகு தளத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்து, மறுபடி திறந்து இணைப்புக்கோட்டையும் மேற்குறியையும் திருத்திக்கொள்ள வேண்டும். ஆசிரியர்கள் இந்தப் பக்கங்களை வகுப்பில் திரையில் காட்டி, ஒரு மாணவர் ஏவ இன்னொருவர் செய்து காட்டும்படி நடத்தினால் ஒரே வகுப்பில் பெரும்பகுதி பதிந்துவிடும்.

பள்ளியில் பிரெஞ்சை இரண்டாம் மொழியாக எடுத்தவர்களுக்கும், பிரெஞ்சு மொழித்திறனுக்கான டெல்ஃப் தேர்வில் ஏ-1, ஏ-2 எழுதுகிறவர்களுக்கும், பிரான்சில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்புக்குப் போகிறவர்களுக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். இரட்டைப் பிரதிப்பெயர்களோடு மல்லுக்கட்டும் நிலையை எட்டியவர்கள் இதை எழுத்துக்கூட்டல் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, நல்ல இலக்கண நூல் ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது.